கழிவு

ஹட்டனில் மூன்றாம் மாடி. கீழே பேக்கரி.
பணிஸ் வேகும் வாசம் படியேறி வந்தால்
மணி பத்து என்று எனக்குத் தெரியும்.
அதற்குத் தெரியாது.

அது என்றால், புதுசாக வாங்கிய மென்பொருள்.
பெயர் ஏதோ இருக்கிறது, யாரும் சொல்வதில்லை.
கிங்ஸ்லி 'புது மாப்பிள்ளை' என்பான்.
வவுச்சரைப் படம் பிடித்துக் காட்டினால் போதும்,
மழையில் ஊறிய மையையும் வாசித்துவிடும்.
வரவெது செலவெது என்று பிரித்துப்
பேரேட்டில் போட்டுவிட்டு
அடுத்தது எங்கே என்று நிற்கும்.
நாலு நாள் நான் செய்த வேலை,
நான் தேநீர் கலக்கி வருவதற்குள்.

போன மாதம் நிரோஷனியை நிறுத்திவிட்டார்கள்.
அவள் அழவில்லை. கல்குலேட்டரை எடுத்தாள்,
மேசைக்கால் ஆடாமலிருக்க மடித்து வைத்திருந்த
பழைய வரிப்படிவத்தையும் உருவி எடுத்தாள்.
இப்போது அது என் மேசை. ஆடுகிறது.

எனக்கு இன்னும் மூன்று பாடம் பாக்கி.
பரீட்சைக் கட்டணத்துக்குச் சீட்டுப் பிடித்திருக்கிறேன்.
"பயப்படாதே பிள்ளை,
கூட்டலைத்தான் அது எடுக்கும், யோசனையை எடுக்காது"
என்றார் ரட்ணசிங்கம் சேர்,
ஜன்னலுக்கு வெளியே மூடுபனியைப் பார்த்துக்கொண்டு.
கூட்டலுக்குத்தான் எனக்குச் சம்பளம் என்று
நான் சொல்லவில்லை.

நேற்று லொக்ஹில் தோட்டத்துக் கொழுந்துக் கணக்கு.
பதினோரு மாதம், இருநூற்றுப் பதினான்கு ஆட்கள்.
மாப்பிள்ளை ஒன்பது நிமிடத்தில் முடித்துப்
பச்சைக் கோடு போட்டான்:
முரண்பாடு எதுவுமில்லை.

உண்மைதான். ஒவ்வொரு கூட்டலும் சரி.
சும்மா, பழக்கதோஷத்தில்,
விரலை வைத்து ஒரு நிரலில் இறங்கினேன்.

தண்ணிக் கழிவு, இரண்டு கிலோ.
தண்ணிக் கழிவு, இரண்டு கிலோ.
ஜூனில் சரி, வானம் பொத்துக்கொண்டு ஊற்றும்,
கொழுந்தும் நனைந்திருக்கும், சாக்கும் நனைந்திருக்கும்.
பெப்ரவரியிலும் இரண்டு.
லயத்துப் பீலி வற்றி
கேன் தூக்கிக்கொண்டு பள்ளத்துக்கு இறங்கிய மாதம்.
இலைப்பனிகூட ஒன்பது மணிக்கெல்லாம் காய்ந்துவிடும்.
அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது?

ஒருநாள் குறைத்தால் பிழை என்று பிடிபடும்.
தினமும் குறைத்தால் வழக்கமாகிவிடும்.
வழக்கத்துக்குச் சிவப்புக் கோடு போட
மாப்பிள்ளைக்கு யாரும் சொல்லித் தரவில்லை.
எனக்கும் வகுப்பில் சொல்லித் தரவில்லை.
பதினெட்டுக்கு இரண்டு குறைந்து
அம்மாவுக்கு அரைப்பேர் விழுந்த நாட்களில்
எங்கள் வீட்டில் என்ன கறி என்று தெரியும்,
அவ்வளவுதான்.

தோட்டத்து மழைப் புத்தகத்தைப் படம் பிடித்துக் கொடுத்து
மாப்பிள்ளையிடமே கேட்டேன்:
மழையில்லாத நாட்களின் தண்ணிக் கழிவைக் கூட்டு.
நொடியில் கூட்டினான்.
நாற்பத்தோராயிரத்துச் சொச்சம் கிலோ.
மறைக்கவில்லை, தயங்கவில்லை.
கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பான்.
அவனுக்குத் துரையிடம் பயமில்லை.
எனக்கு இருக்கிறது.

அறிக்கையில் ஒரு பத்தி எழுதினேன்.
சேர் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
லொக்ஹில் போனால்
மூன்றாம் மாடிக்கு வாடகை எங்கிருந்து வரும்
என்று அவர் கேட்கவில்லை.
திரைதான் கேட்டது:
வசனத்தைச் சற்று மென்மையாக்கித் தரட்டுமா?
ஆம் என்று ஒரு பொத்தான், வேண்டாம் என்று ஒன்று.

சேர் அழுத்தவில்லை. நானும்.
கீழே பணிஸ் வெந்துவிட்டது.
ஸ்டேசனில் கொழும்பு ரயில் கூவிவிட்டு நின்றது.
மேசைக்காலுக்கு அடியில் வைக்க
ஒரு தாள் தேடினேன்.
கையில் அந்தப் பத்தி மட்டும்தான் இருந்தது.
மேசை ஆடிக்கொண்டே இருக்கட்டும்.