அந்த வாளி

நெமுரோவில் வியாழக்கிழமை ஆறரைக்கு
மீனவர் கூட்டுறவுச் சங்க மாடியில்
ஆங்கிலம் சொல்லித் தருகிறேன்.
மண்ணெண்ணெய் அடுப்பு, ஐந்து பேர்,
ஆறாவது நாற்காலியில் ஈரக் கையுறைகள்.

'வானிலைக்குக் கீழே இருக்கிறேன்' என்றால்
உடம்பு சரியில்லை என்று பொருள் என்றேன்.
சுங்க அலுவலர் தோகுஜி
பனி அப்பிய சன்னலைப் பார்த்தார்:
"வேறெங்கே இருக்க முடியும்?"
'கேக் துண்டு' என்றால் சுலபம்.
பேக்கரியில் வேலை பார்க்கும் சவாகோ சிரிக்கவில்லை.

போன வாரம், 'வாளியை உதைத்தார்.'
செத்துப்போனார் என்பதைக் கேலியாகச் சொல்வது,
துக்க வீட்டில் வாயெடுக்கக் கூடாது என்று
பலகையில் இரண்டு முறை அடிக்கோடிட்டேன்.

இன்றைக்குக் கினுவே ஒரு கடிதம் நீட்டினார்,
அபர்டீனில் இருக்கும் பழைய கப்பல் சமையல்காரருக்கு:
"என் கணவர் பிப்ரவரியில் வாளியை உதைத்தார்."

சிவப்புப் பேனாவைத் திறந்தேன்.
மென்று விழுங்கி விளக்க ஆரம்பித்தேன்.

தெரியும் என்றார்.
இறங்குதுறையில் அவர் சரிந்தபோது
கால் பட்டு உருண்டது, நீல வாளி.
நண்டுகள் பனியில் நாலாபக்கமும் நடந்தன.
அவற்றைப் பிடிப்பதா அவரைப் பிடிப்பதா என்று
ஒரு கணம்
யோசித்துவிட்டேன் என்றார்.

இரண்டு வருடமாக அவருக்குப் பிடிபடாதது
'ஏதோ ஒன்று' எங்கே, 'அந்த' எங்கே என்பது.
நிலாவையே ஏதோ ஒரு நிலா என்றுதான் எழுதுவார்.
கடிதம் முழுக்கத் தப்பு,
வாளிக்கு முன்னால் மட்டும் சரி.

தேதியில் ஒரு காற்புள்ளி விட்டுப்போயிருந்தது.
அதைப் போட்டேன்.
பேனாவை மூடிவிட்டேன்.