சட்டைப்பையில் ரொட்டி

சீட்டு மேசை என்னுடையது.
ஆளுக்குப் பன்னிரண்டு டாலர்,
புறங்கையில் நீல மையில் ஒரு சிங்கிறால் முத்திரை.
தீயணைப்பு வண்டியை வெளியே பனியில் நிறுத்திவிட்டு
கூடத்தில் எழுபது நாற்காலி போட்டிருக்கிறோம்.
எங்காவது தீப்பிடித்தால்
கதையைப் பாதியில் விட்டு ஓட
முன்வரிசையில் நாலு பேர் பூட்ஸோடு உட்கார்ந்திருக்கிறார்கள்.

மேடை என்று எதுவும் இல்லை.
டல்ஸி நிற்கிற இடம் மேடை.

முதலில் அவர்களைப் பற்றி.
பெயர் சொல்லக்கூடாது, 'நல்லவர்கள்' என்றால் போதும்.
முழங்கால் உயரம், சிவப்புக் குல்லா,
மூடுபனி இறங்கினால் சதுப்பில் ஆட்டம்.
பழம் பறிக்கப் போகிறவர் பையில்
ஒரு துண்டு ரொட்டி இருந்தால் கிட்டே வரமாட்டார்கள்.
சட்டையைத் திருப்பிப் போட்டாலும் தப்பிக்கலாம் என்பாள்;
குழந்தைகள் அங்கேயே கழற்றத் தொடங்கும்.

அதே மூச்சில் அரசாங்கத்துக்குத் தாவுவாள்.
அறுபத்தேழில் மெர்சர் குடாவுக்கு
செயின்ட் ஜான்ஸிலிருந்து படகில் வந்த டை கட்டிய மனிதர்,
ஊரைக் காலி செய்தால் தலைக்கு இவ்வளவு என்று
அவர் வாசித்த காகிதம்,
கை தூக்கிய இருபத்தொரு குடும்பம்,
எண்ணெய்ப் பீப்பாய்களைக் கட்டி
கடல்மேல் இழுத்துப்போன வீடுகள்.
"எங்கள் வீடு கிளம்பும்போது
அடுப்பில் தேநீர் கொதித்துக்கொண்டிருந்தது."
புளுகு. அடுப்பை முந்தின நாளே இறக்கியாயிற்று.
ஆனால் அந்த இடத்தில் தவறாமல் சிரிப்பார்கள்,
நானும்தான்.

அப்புறம் என் தம்பி.

கார்லண்டுக்கு ஆறு வயது, எனக்கு ஒன்பது.
வீடுகள் போகிற வாரம்
கடைசி வாளிப் பழத்துக்கு எங்களை அனுப்பினார்கள்.
பனி வந்தது. நான் திரும்பி வந்தேன்.
பதினோரு நாள் தேடினார்கள்,
பன்னிரண்டாம் நாள் இழுவைப் படகு வந்துவிட்டது.

"பையில் ரொட்டி இருந்தது," என்பாள் டல்ஸி,
"பையில் ஓட்டையும் இருந்தது, பாவம், அவனுக்குத் தெரியாது."
கம்பளிச் சட்டைப் பைக்குள் கைவிட்டு
இரண்டு விரலை வெளியே நீட்டிக் காட்டுவாள்.
முப்பது வருடமாகக் கூடம் அங்கே ஒரு பெருமூச்சு விடுகிறது.

ஓட்டை இல்லை.

இந்த ஜனவரியில் மின்சாரம் போன ஓர் இரவு
அவளுக்கு முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டு சொன்னேன்.
என் பங்கை ஓடைக்கு முன்பே தின்றுவிட்டேன்,
அவனுடையதைக் கேட்டேன், கொடுத்தான்,
வெல்லப்பாகு அதிகமாக இருந்த பாதியை முதலில்.
டல்ஸி எதுவும் சொல்லவில்லை.
குளிர்ந்த பாதத்தை என் பாதத்தின்மேல் வைத்தாள்,
அவ்வளவுதான்.

இன்று அதே இடம் வந்தது.
கை பைக்குள் போனது, அங்கேயே நின்றது.
தேநீர்க் கொதிகலன் மட்டும் முனகிக்கொண்டிருந்தது.
மறந்துவிட்டாள் என்று நினைத்த ஹெசக்கியா
பின்வரிசையிலிருந்து எடுத்துக் கொடுத்தான்:
"ஓட்டை, டல்ஸி, ஓட்டை!"
சிலர் சிரித்தார்கள்.

"அந்தப் பையை நான் பார்த்ததே இல்லை," என்றாள்.
"ஓட்டையைப் போட்டது நான்.
கதைக்குத் தேவைப்பட்டது."

என் பக்கம் பார்க்கவில்லை.
பார்த்திருந்தால் தலையை ஆட்டி மறுத்திருப்பேன்,
அவளும் தேநீருக்கு இடைவேளை விட்டிருப்பாள்.
பார்க்காமல்
ஓரடி இடப்பக்கம் நகர்ந்து நின்றாள்.

டல்ஸி நிற்கிற இடம் மேடை என்றேன்,
இல்லை போலிருக்கிறது.
எழுபது தலையும் அவள் விட்ட இடத்தையே பார்த்தன.

பணப்பெட்டியைப் பூட்டினேனா, நினைவில்லை.
விரலெல்லாம் நீல மை.
எங்கள் பக்கத்தில் 'ஆமாம்' என்பதை
மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டே சொல்வோம்;
முன்வரிசையில் யாரோ அப்படி இழுத்தது கேட்டது,
நான் இன்னும் வாயைத் திறக்கவில்லை.

"எனக்குப் பசியே இல்லை," என்று ஆரம்பித்தேன்.