பதிவிறக்கங்கள்

களியக்காவிளைச் சந்தைக்கு எதிர்ப்புறம்
என் கடைக்கு மூன்று பெயர்.
பலகையில் விஜிலா ஜெராக்ஸ்.
மீன்காரிகளுக்கு ஃபோட்டோஸ்டாட்டு.
பாறசாலையிலிருந்து வருகிறவர்களுக்கு
ஆ தமிழ் சேச்சியின் கட.

பேருந்து எல்லையைத் தாண்டும் முன்பே
கைபேசி தாண்டிவிடும்.
கேரளம் உங்களை வரவேற்கிறது என்பதை
இந்தப் பக்கத்துச் சாயாவைக் குடித்துக்கொண்டே
வாசிப்போம்.

இங்கே ரகசியம் என்பது
உரக்கச் சொல்லும் ஆறு எண்கள்.
"நாலு, ஏழு, ஏழு, சைபர்" என்று ஒருவர் கூவ
வரிசையில் நிற்கும் பதினோரு பேருக்கும்
மனப்பாடம்.
எதிரே அயிலை விலை கேட்கிறவர்கள்தான்
குரலைத் தணித்துக் கேட்கிறார்கள்.

பழைய கணினியில் திருட்டு விண்டோஸ்.
மூன்று வருடமாக மூலையில் ஒரு எச்சரிக்கை
கடன்காரனைப் போல நின்றுகொண்டிருந்தது.
ஒரு கிறிஸ்துமஸ் வாரம் எவனோ
எல்லாக் கோப்புகளையும் பூட்டிவிட்டு
டாலரில் பணம் கேட்டான்.

பாறசாலைப் பள்ளியில் லேப் பார்க்கும் ஷிஜு
பென்டிரைவில் வேறொன்று கொண்டுவந்தான்.
"எவ்வளவு?"
"ஒண்ணும் வேண்டாம்."
சும்மா தருகிறவனிடம்தான் எனக்குப் பயம்.
மிக்சி தந்தவர்கள் ஓட்டுக் கேட்டார்கள்.
இருட்டில் வெளிச்சம் தருகிற செயலி
என் தொடர்பு எண்கள் அத்தனையும் கேட்டது.
"இது என்ன கேக்கும்?"
அவன் சற்று யோசித்தான்.
"கடவுச்சொல்லு கேக்கும்.
அதையும் நீங்கதான் வச்சுக்கிடணும்."

கட்டற்ற மென்பொருளாம்.
கட்டற்றது என்றால் எங்களுக்கு
வாழைக்குள் புகுந்த மாடு.
பயந்து பயந்துதான் திறந்தேன்.
பிரிண்டர் மூன்று நாள் பிணங்கியது.
நாலாம் நாள் அதுவும் பேசியது.

சித்திரையில் ஒரு மத்தியானம்
கரண்டு வந்து, ஆள் வராத நேரம்,
பதிவிறக்கங்கள் என்ற கோப்புறையைத் திறந்தேன்.
எண்ணூற்றுப் பன்னிரண்டு பேர் உள்ளே.
ஆதார், பாஸ்புக், சாதிச் சான்று,
குவைத்துக்குப் போன நர்ஸின் பாஸ்போர்ட்,
ஸ்கேன் படத்தில் இன்னும் பெயரில்லாத ஒன்று.
யாரும் என்னிடம் தந்து வைக்கவில்லை.
எடுத்துக்கொண்டு போக மறந்திருக்கிறார்கள்.
லோன் ஏஜென்ட் ஒருவன்
தலைக்கு மூன்று ரூபாய் என்றிருந்தான்.
அன்று அதைச் சிரிப்பாக நினைத்தேன்.

இப்போது ஷட்டரை இழுக்கும் முன் அழிக்கிறேன்.
அழித்தது அப்படியொன்றும் அழிவதில்லை என்று
ஷிஜு ஒரு கட்டளை எழுதித் தந்தான்.
இருந்த இடத்தின் மேல்
குப்பையை எழுதி எழுதி மூடும்.

ஆடிச் சாரலில் ஒருவன் நனைந்து வந்தான்.
"செவ்வாக்கிழமை எனக்க பெஞ்சாதி இங்க வந்தாளா?
என்னத்த பிரிண்டு எடுத்தா?"
நீட்டிய கைபேசியில் வரைபடம்.
என் வாசலில் இருபது நிமிடம் நின்ற
நீலப் புள்ளி,
அதன்பிறகு எங்குமே இல்லை.

மானிட்டரை அவன் பக்கம் திருப்பினேன்.
கேட்காமலே மவுஸை எடுத்துக்கொண்டான்.
கோப்புறை காலி. தொட்டி காலி.
"எல்லாத்தையும் அழிச்சிருவியா?"
"எல்லாருக்கதையும்."

பொய்யில்லை.
நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரி ஒன்றின்
வேலை உத்தரவு, இரண்டு பிரதி.
பெண்கள் விடுதி விண்ணப்பம், ஒன்று.
"லொக்கேஷன எப்பிடி அணைக்கது, அக்கா?"
அந்தப் புள்ளியை அணைத்த விரல்
இப்போது கல்லாப்பெட்டியின் மேல் இருந்தது.
அதையெல்லாம் மூடி எழுத
எனக்குள் ஒரு கட்டளையும் இல்லை.
வாயை மட்டும் மூடிக்கொண்டேன்.

மழை விடவில்லை.
நின்ற நேரத்துக்கு ஏதோ ஒன்று என்று
தன் ஆதாரை அனுப்பி பிரிண்ட் எடுத்தான்.
முன்னும் பின்னும்.
பத்து ரூபாய், சில்லறை இல்லை என்றான்.

இரவு எட்டரைக்கு
அவனுடையதையும் அழித்தேன்,
அவளுடையதை அழித்த
அதே கவனத்தோடு.