சிவப்பு விழுந்தால் நில்

மாசி பாதி. மேட்டூரை மூடி ஒரு மாதம்.
மாயவரத்துக் காவிரியில் இப்போது ஓடுவது
பையன்களின் கிரிக்கெட் பந்து மட்டும்.
வீட்டுவசதிக் குடியிருப்பின் பின்பக்கம்
தண்ணீர்த் தொட்டிக்கும் சுற்றுச்சுவருக்கும் நடுவே
பதினோரு வீட்டுக்குப் பொதுவான தோட்டம்
நிறம் என்று சொல்ல ஒன்றுமில்லாமல் கிடந்தது.
அவரை ஓய்ந்துவிட்டது.
கத்தரி, காய்ப்பதா வேண்டாமா என்று நின்றது.
கார்த்திகைப் புயலில் முறிந்த முருங்கை
இடுப்பளவு கட்டை.
வெட்டி எடுக்க எண்ணூறு கேட்டார்கள்.
கணக்கு நோட்டு என்னிடம்.
‘முருங்கை, நிலுவை’ என்று எழுதிவைத்தேன்.

ஒரு காலையில் அந்த நிலுவைக்குச் சட்டை போட்டிருந்தது.
ஆரஞ்சு, கத்தரிப்பூ நிறம், மயில்கழுத்து நீலம்,
பட்டை பட்டையாக உல்லன்.
ஒவ்வொரு இழை நுனியிலும் பனி.
கம்பிவேலியில் நாலு பூ,
எந்தச் செடியும் பூத்திராத நாலு பூ.

யார் வேலை என்று கேட்டேன்.
ஏ பிளாக் தையல்நாயகி கையைத் தூக்கினாள்,
வகுப்பில் தூக்குவதுபோல் அல்ல,
ரயிலுக்குத் தூக்குவதுபோல்.
குத்தாலம் பக்கம் ஒரு கேட்டில் கீப்பர் அவள்.
பேரில்தான் தையல்,
பட்டன் அறுந்தால் கடைக்குத்தான் கொடுப்பாள்.
கொக்கி ஊசி ஒன்றுதான் வரும், அதுவும்
ராத்திரி டூட்டி முடிந்து தூக்கம் பிடிக்காத பகலில்.
பஸ் ஸ்டாண்டில் ஸ்வெட்டர் விற்றவர்கள்
மலைக்குத் திரும்புமுன் பாதி விலைக்குத் தள்ளியதில்
ஏழு வாங்கிப் பிரித்திருக்கிறாள்.

மழை பெய்தால் நாறும் என்றேன்.
மாசியில் ஏது மழை என்றாள்.
பூச்சி அடையும் என்றேன்.
‘அடையட்டுமே சார், அதுக்கும்தானே பனி.’
நோட்டை மூடிக்கொண்டேன்.

உண்மையில் எங்கள் தகராறு நூலில் இல்லை, தண்ணீரில்.
தக்காளிக்கு மூன்று பேர் ஊற்றுவார்கள்,
கீரையை எல்லோரும் மறப்பார்கள்.
ரெஜினா டீச்சரும் சி பிளாக் உதுமானும்
பைக் நிறுத்தும் இடத்துக்காக ஐப்பசியில் விட்ட பேச்சு
இன்னும் தொடங்கவில்லை. ஆகவே
அவர் ஊற்றினாரா என்று இவருக்குத் தெரியாது.
கத்தரி வேர் அழுகியதுதான் மிச்சம்.

தையல்நாயகி குஞ்சம் பின்னினாள்.
பாத்திக்கு ஒரு குச்சி, குச்சிக்கு இரண்டு குஞ்சம்.
சிவப்பு தொங்கினால் ஊற்றியாயிற்று, நில்.
பச்சை என்றால் போகலாம்.
சட்டம் அவ்வளவுதான்.
நான்கூட ஒருநாள், யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு,
மிளகாய்ப் பாத்தியில் சிவப்பை மாட்டினேன்.
கை கொஞ்சம் உயர்ந்துதான் நின்றது.

பத்து நாள் ஒழுங்காகப் போயிற்று.
பதினோராம் நாள் விடியலில்
கத்தரிப் பாத்தியின் இரு பக்கமும்
டீச்சரும் உதுமானும், கையில் ஆளுக்கொரு வாளி.
‘சிவப்பு எங்க?’
‘நான் எடுக்கல.’
நாலு மாதத்துக்குப் பின் பேசிய பேச்சு இதுதான்.
இதுவும் சண்டைதான்.

திருடியைக் கண்டுபிடித்தது உதுமானின் கடைக்குட்டி, சிராஜ்.
கட்டைவிரல் அளவு உடம்பு, தூக்கிய வால்,
ஊருக்கே கேட்கும் குரல்.
தொட்டியடி அத்திக்கன்றில்
இரண்டு இலையை ஓரத்தோடு ஓரம் சேர்த்துத்
துளை துளையாய்க் குத்தி, இழை இழுத்து,
வெளிப்பக்கம் சிவப்பாய் முடிச்சிட்டிருந்தாள்
தையல்சிட்டு.
உள்ளே, முருங்கைச் சட்டையில் உருவிய
மயில்கழுத்து நீலம் மெத்தையாய்.

‘நம்ம பேர்க்காரி. ஆனா இவளுக்கு வருது’
என்றாள் தையல்நாயகி, கொட்டாவியோடு,
டூட்டியிலிருந்து நேராக வந்தவள்.

‘சிவப்பு நூல், இரண்டு குஞ்சம், செலவு’ என்று எழுதினேன்.
வேறு எந்தப் பத்தியில் எழுதுவது?

அத்திக்கு யார் ஊற்றுவது என்ற கேள்வி வந்தது.
யாரும் நகரவில்லை.
இலையில் சிவப்பு விழுந்திருக்கிறது.
வாளியும் கையுமாக, பதினோரு வீடும்
கேட்டுக்கு இந்தப் பக்கம்.