புதிய ஆட்டம்

என்.சி. வீதியில் இம்தியாஸின் திருத்தகத்தில்
கண்ணாடி அலுமாரிக்குள் கிடந்தது.
மூலையில் வெடிப்பு, இடது பொத்தான் இறுக்கம்.
எட்டாயிரம் சொன்னான், ஆறரைக்குத் தந்தான்.
சார்ஜருக்குத் தனிக்காசு.

அதற்கு முதல் ஒரு கிழமையாக இதே யோசனை.
மாவு ஆலையில் இரவு வேலை முடிந்து
சீனக்குடாவிலிருந்து பஸ்ஸில் தூங்கி வழியும்போதும்.
மூன்று முட்டை வைப்பார்கள், ஒன்றைத்தான் எடுக்கலாம்:
தும்மினால் பொறி பறக்கும் கீரி,
கோபம் வந்தால் ஊதிக்கொள்ளும் பேத்தை மீன்,
கொம்பில் இலை துளிர்க்கிற மான்குட்டி.

"நெருப்பை எடு அக்கா" என்றான் கவிந்தன்.
"மூன்று பக்கமும் கடல் கிடக்க
தண்ணியைக் காசு குடுத்து எடுப்பாங்களோ?"

மான் வேண்டாம்.
மானை நான் தினமும் பார்க்கிறேன்,
பஸ் நிலையத்துக்குப் பின்னால் நின்று
யாரோ வீசிய லஞ்ச் சீற்றை
சோறு மணக்கிறதென்று மெல்லும்.

வீட்டுக்கு வந்து போட்டேன்.
உள்ளே ஏற்கெனவே ஒரு ஆள்.
பெயர்: டிலு.
ஆடிய நேரம்: இருநூற்றுப் பதினொரு மணி.
தமிழா, சிங்களமா, முஸ்லிமா
டிலுவை வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல ஏலாது.
ஆணா பெண்ணா என்றும்கூட.
சேமிக்க ஒரே ஒரு இடம்.

அடுத்தவர் குசினிக்குள் எட்டிப் பார்க்கிற கூச்சத்தோடு
"தொடர்க" என்பதை அழுத்தினேன்.
கடைசிக் குகையின் வாசல். பனி கொட்டுகிறது.
பைக்குள் எழுபது மருந்துப் போத்தல்,
ஒன்றுகூடத் திறக்காமல்.
முன்னால் நிற்கிறது மான்,
அறுபத்திரண்டாம் நிலை, கொம்பெல்லாம் கிளைவிட்டு.
அதற்கு வைத்த பெயர் சூட்டி.
எங்கள் வீட்டிலும் கடைக்குட்டிக்கு அதுதான் பெயர்,
பக்கத்துச் சிங்கள வீட்டிலும் அதேதான்.

கிட்டப் போய்த் தொட்டால் எழுத்து வருகிறது:
சூட்டி உங்களை நம்புகிறது.

இம்தியாஸுக்குக் கோல் எடுத்தேன்.
"ஓ, அதுவா. பாஸ்போட்டுக்குக் காசு குறையுதெண்டு
தந்திட்டுப் போன ஆள். நாலு மாசம் இருக்கும்.
ஏன், வேலை செய்யுதில்லையா?"

வேலை செய்கிறது.
ராத்திரி ஒன்றரை மணிக்குக் குகைக்குள் போனேன்.
அறுபத்தெட்டுப் போத்தல் உடைத்தேன்.
இடது பொத்தான் இறுகி நின்ற ஒரு கணத்தில்
சூட்டி முழங்கால் மடித்தது.
சேமிக்கவா என்று கேட்டது.
இல்லை என்றேன், நிறுத்தினேன், திரும்பப் போட்டேன்.
பனி. வாசல். எழுபது போத்தல்.
மான் நிமிர்ந்து நிற்கிறது,
ஒன்றும் நடக்காதது போல.

மேலே "புதிய ஆட்டம்"
மினுங்கி மினுங்கி நிற்கிறது.

விடியப் பல் தேய்த்தபடி கவிந்தன்:
"எதை எடுத்தனீ?"

"பேத்தை" என்றேன்.

நுரை தெறிக்கச் சிரித்தான்.