எழுதாத கணக்கு

ஒரே நோட்டுதான்.
இடப்பக்கம் ரூபாய், வலப்பக்கம் மில்லி.

வெளியில் வாங்கிய ஊசி, ஆயிரத்து நூறு.
அடகுக்கடை வட்டி. ஷேர் ஆட்டோ.
காலைக் காப்பி எண்பது.
மாத்திரைக்கு ஒரு மடக்கு: முப்பது என்று போட்டேன்,
இருபதுதான் என்று சண்டை பிடித்தான்
தவசி அண்ணன்.

வாரம் ரெண்டு தடவை, இது நாலாம் வருஷம்.
என் தோட்டுத் துளையில் வேப்பங்குச்சி.

இன்று மெஷினை விட்டிறங்கி வந்தால்
கோரிப்பாளையமே அடைத்துக் கிடக்கிறது.
அழகர் வருகிறாராம்.
தோப்பறையை அமுக்கி அமுக்கி
யாரோ ஒரு பையன் பீய்ச்சிய தண்ணீர்
எங்கள் பக்கம் திரும்பிவிட்டது.

நாளுக்கு அரை லிட்டர் மனுஷன்
ஒதுங்கவில்லை,
முகத்தைத் துடைக்கவும் இல்லை.
நாக்கு மெல்ல
மேலுதட்டுக்குப் போனதைப் பார்த்தேன்.

நோட்டை
இடுப்பில் இன்னும் ஆழமாகச் செருகிக்கொண்டேன்.