ஸ்ட்ராவில் போகுமா

அரண்மனை வாசல் கடையில்
கழுத்தில் விலை மாட்டிக்கொண்டு
மிக்ஸிகள் நிற்கின்றன.
"ஸ்மூத்தி போடவாக்கா?" என்கிறான் நைனா.
அட்டைப்பெட்டி மேல் வாழைப்பழமும் ஐஸும்
உயரமான தம்ளரில் சிரிக்கின்றன.
ஆமாம் என்றேன்.
அப்படி ஒரு பெயர் இருந்தது நல்லதாய்ப் போயிற்று.
இல்லாவிட்டால்
வின்ச் கம்பி அறுந்ததிலிருந்து சொல்ல வேண்டும்.

கஸ்பாரின் தாடை இரண்டு இடத்தில் விட்டிருக்கிறது.
மேல்வரிசையையும் கீழ்வரிசையையும்
கம்பியால் சேர்த்துக் கட்டி
நாற்பது நாள் என்றார்கள் மதுரையில்.
கடைவாய்ப் பல் ஒன்று கடலோடு போனது.
அந்த ஓட்டைதான் இப்போது வாசல்,
ஸ்ட்ரா நுழைவது அது வழியாக.

வீட்டில் இருப்பது கல்யாணச் சீர் மிக்ஸி.
சட்னிக்குச் சரி.
கேரட்டை அது அரைக்கவில்லை,
கோபப்படுத்தியது.
போன செவ்வாய், ஒரு தக்காளி விதை குழாயில் அடைத்து
அவருக்கு மூக்கு சிவந்து கண் பிதுங்க,
தலைமாட்டில் தொங்கும் கட்டிங் பிளேயரை
நான் தொட்டே விட்டேன்.
வாந்தி வந்தால் வெட்டு, யோசிக்காதே என்று
நர்ஸ் கொடுத்தனுப்பியது.

ஐந்நூறு வாட். எழுநூற்றைம்பது. ஆயிரம்.
"எழுநூற்றைம்பதுன்னா ஒரு குதிரை சக்திக்கா."
முதலாளியின் படகில் நூற்றிருபது குதிரை.
அத்தனையும் சேர்ந்து இழுத்துத்தான்
அந்தக் கம்பி அறுந்தது.
ஒன்று போதும் எனக்கு.
ஆயிரத்தைப் பாம்பனின் சாயங்கால வோல்டேஜ்
சுற்ற விடாது.

ஜாரைக் கவிழ்த்து பிளேடைத் தடவினேன்.
பாறையிடுக்கில் மரிக்கொழுந்துப் பாசி பறிக்கும் விரல்,
துணி சுற்றியிருந்தாலும் கூர் தெரியும்.
"மீன் அரையுமா?"
சிரித்தான்.
என் முகத்தைப் பார்த்துவிட்டு
சிரிப்பை மடித்து வைத்தான்.
"பாறையா, ஊளியா?"
நல்ல வியாபாரி.
"எதுவானாலும். வடிகட்டாமல் ஸ்ட்ராவில் போகுமா?"
"போகும்க்கா. முள்ளுக்கு மட்டும் வாரண்டி கிடையாது."

அட்டையில் எழுதப் பெயர் கேட்டான்.
டெல்பினா என்றேன்.
மீன்வளத்துறை அட்டைக்குப் பிறகு
என் பெயர் ஏறும் இரண்டாவது அட்டை.

பாலத்தில் பஸ் ஏறும்போது
மடியில் பெட்டி, இரு பக்கமும் தண்ணீர்.
தண்ணீருக்குள் நானும் வாயைத் திறப்பதில்லை.
மூச்சு முட்டினால் மேலே வந்துவிடுவேன்.
அவருக்கு மேல் என்பது
இன்னும் இருபத்தொன்பது நாள் தள்ளி இருக்கிறது.

இரண்டு பழம், பால், நாலு பேரீச்சை,
காய்ச்சி ஆற வைத்த கஞ்சிப்பாசி ஒரு கரண்டி.
மூன்றாவது வேகத்தில் திருகினேன்.
தெருவில் நாய் எழுந்து போனது.
கட்டிலிலிருந்து அவரும் எழுந்து வந்தார்.
மூடியின் மேல் உள்ளங்கையை வைத்து
கண்ணை மூடிக்கொண்டார்.
பதினெட்டு வருஷம் எஞ்சின் ஓட்டிய கை.
மகளின் கணக்கு நோட்டை இழுத்து எழுதினார்:
லோடு அதிகம். தண்ணி ஊத்து.

ஊற்றினேன்.
சத்தம் இறங்கி, உருண்டு,
வழிக்கு வந்தது.
பதினோரு நாளில் அவர் என்னை அதட்டியது
அதுதான் முதல் தடவை.

குடித்தார். பாதியில் நிறுத்தி எழுதினார்: உப்பு.
வாழைப்பழத்துக்கா என்றேன்.
அடியில் கோடு போட்டார், இரண்டு தடவை.
இனிப்பு தின்று தின்று
நாக்கு செத்துப்போச்சாம்.
நாளைக்கு நெத்திலி என்று அடுத்த வரி.

அதற்குள் கரண்ட் போனது.
இருட்டில் பென்சில் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது,
நெடுநேரம்.
விளக்கு வந்து பார்த்தால்
எழுதிய வரியின் மேலேயே எழுதியிருக்கிறார்.
நெத்திலியும் இன்னொன்றும்
பிரிக்க முடியாமல் அரைந்து கிடந்தன.
என்ன அது என்றேன்.
தலையை ஆட்டிவிட்டு
காலித் தம்ளரை நீட்டினார்.